கேமில் வரும் கணக்கு வகுப்பில் ஏன் வரவில்லை?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் பேசியது)

தண்ணீர் மோட்டார் விவாதம் நீண்டுவிட்டதால் எனக்கு ஐந்து நிமிடம்தான் என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

மாலையில் என்னிடம் படிக்க வரும் எட்டாம் வகுப்புப் பையனிடம், 100-ஐ 41-ஆல் வகுக்கச் சொன்னேன். நோட்டைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான். "சரிப்பா, உன் கேம்ல எதிரிக்கு 100 ஹெல்த். ஒரு குண்டுக்கு 41 குறையும். எத்தனை குண்டு வேணும்?" என்றேன். "மூணு சார். மூணாவது குண்டுல பாதிக்கு மேல வேஸ்ட்" என்றான், யோசிக்காமலே.

கணக்கு அவனுக்குத் தெரிகிறது. கேமில் தோற்றால் உடனே அடுத்த ஆட்டம், யாரும் சிரிப்பதில்லை. வகுப்பில் ஒரு விடை தப்பினால் நாற்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் சிவப்பு மையால் சுழித்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக கேம் நல்லது என்று போய்விடாதீர்கள். நம் சிப்காட் வீடுகளின் சங்கதி வேறு. அப்பா நைட் ஷிப்ட். அம்மா விடிகாலையில் எழ வேண்டும் என்று பத்து மணிக்கே படுத்துவிடுகிறார். பையன் கையில் போன், ஒரு மணி வரை. காலையில் முதல் பீரியட் கணக்கு, கொட்டாவி. வரலாற்றில் ஒரு பாடம் விட்டால் அடுத்ததைப் படிக்கலாம். குறை எண்களைக் கற்றுத்தரும் அன்று தூங்கினால், அடுத்த மாதம் இயற்கணிதம் முழுக்கப் புரியாது. பிறகு "எனக்கு கணக்கு வராது" என்பான், நாமும் நம்பிவிடுவோம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தமிழக அரசு 2025-இல் பண ஆட்டங்களுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றை முழுக்கத் தடுத்துச் சட்டம் இயற்றியது. பிள்ளைகள் ஆடும் இலவசத் துப்பாக்கி ஆட்டம் இந்தத் தடைகளுக்குள் வராது. அது நம் வீட்டு வேலை.

பயப்படவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்று சொல்வது, கட்டுப்பாடே போய், படிப்பும் உறவும் கெட்டு, பொதுவாக ஒரு வருடமாவது நீடிக்கும் நிலையை. ஆடும் எல்லாப் பிள்ளைக்கும் அது இல்லை.

ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பாக்கள், பிள்ளையின் போனை ஹாலில் சார்ஜில் போட வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் போனையும் அங்கேயே வையுங்கள். இல்லாவிட்டால் அவன் கேட்கமாட்டான்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு சங்க அறையில் இருப்பேன். பிள்ளைகள் போனோடு வரட்டும். மார்க் ஷீட் வேண்டாம்.