95 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு நெடுஞ்சாலை

நகர வடிவமைப்பில் கணினி என்பது தலைப்பு. அதைப் பேச வெளியூர் உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை. திருச்சி-தஞ்சாவூர் நெடுஞ்சாலை நம் காட்டூர் வழியாகத்தானே ஓடுகிறது.

இங்கே வரும்போது பார்த்தேன். நடுத்திட்டில் ஒரு பாட்டி. ஒரு கையில் கீரைக்கட்டு, மறுகையில் பேரனின் மணிக்கட்டு. பாதிச் சாலையைத் தாண்டிவிட்டார், மறுபாதிக்கு வழியில்லை. லாரி ஒன்று போனதும் காலை எடுத்து வைத்தார். எதிர்த்திசையில் ஒரு பைக் வந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சாலையைக் கடக்க ஓரிடம் ஒதுக்கலாமா என்று முடிவு செய்ய இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த பழைய வாய்பாடு ஒன்று உண்டு. உச்ச நேரத்தில் மணிக்கு ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, கடப்பவர்களின் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். நடுத்திட்டுள்ள சாலையில் விடை 20 கோடியைத் தாண்ட வேண்டும். 2,000 வண்டிகள் ஓடினால் 50 பேருக்கு மேல் கடக்க வேண்டும். 40 பேர் மட்டும் கடந்தால் தேவையில்லை என்றாகிவிடும். பயந்துபோய்க் கடைக்கே போகாமல் வீட்டோடு இருந்துவிட்டவர் அந்த 40-இல் எங்கே இருக்கிறார்? சாலை எவ்வளவு ஆபத்தோ அவ்வளவுக்குக் கடப்பவர் குறைவர். கணக்கோ அதையே தேவைக் குறைவென்று படிக்கிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. இன்று கேமராப் பதிவைக் கணினியே அலசும். கடந்தவரை மட்டுமல்ல, எத்தனை நொடி நின்றார், எத்தனை முறை பின்வாங்கினார் என்பதையும் எண்ணச் சொல்லலாம். அந்தப் பாட்டி பின்னிழுத்த காலும் ஒரு தரவுதான்.

எண்ணுவதோடு, கட்டுமுன் காட்டவும் கணினியால் முடியும். அந்த மெய்நிகர் காட்சிக்கு வருகிறேன். இதே சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு கேட்டுக் குடியிருப்போர் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். கடை இடிபடுமே என்று வணிகர்கள் உயர்மட்டச் சாலை கேட்கிறார்கள். இரு தரப்பும் நம்மவர்கள்தான். ஆனால் வரைபடத்தை விரித்தால் இரண்டுமே வெறும் கோடுகள். கண்ணில் மாட்டும் கருவியைக் கொடுத்தால், தன் கடை வாசலில் தூண் எங்கே வரும், நிழல் எதுவரை விழும், பேருந்து எங்கே நிற்கும் என்று கடைக்காரர் நின்று பார்ப்பார். கான்கிரீட் ஊற்றுமுன் திருத்திக்கொள்ளலாம்.

நெதர்லாந்தின் பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை, அர்பன்95 என்ற திட்டத்தில் இதையே குழந்தையின் கண்ணுக்கு இறக்கியது. 95 சென்டிமீட்டர் என்பது மூன்று வயதுக் குழந்தையின் உயரம். அந்த உயரத்தில் தெரு எப்படித் தெரிகிறது என்று மெய்நிகர் காட்சியாகக் காட்டினார்கள். புனேயும் உதய்ப்பூரும் அத்திட்டத்தில் சேர்ந்தன. நம் சாலையில் அந்த உயரத்தில் தெரிவது லாரியின் சக்கரமும் புழுதியும்தான்.

இதே சாலையோரம் துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. அந்த மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காட்டூர் நிறுத்தத்தை சர்வீஸ் ரோடு, உயர்மட்டச் சாலை என இரு வடிவங்களிலும் கணினியில் கட்டுங்கள். கருவியை அதிகாரிகளுக்குக் கொடுப்பதற்கு முன், கீரை வாங்கப் போகிறவர்களின் கண்ணில் மாட்டுங்கள். அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.