அந்தப் படத்துல நீ எங்கேம்மா?



குழந்தைக்குத் தன்னம்பிக்கை தருவது பெரியவங்க புத்திமதியா, படப் புத்தகமா? எதிரணித் தலைவர் கேட்டார்: "பெத்தவங்க சொல்ற நாலு வார்த்தை போதாதா?" அய்யா, அந்த நாலு வார்த்தையிலதான் கோளாறே இருக்கு! பச்சைக் குழந்தையைப் பார்க்க வர்றவங்க என்ன சொல்றாங்க? "நிறம் கொஞ்சம் கம்மி. ஆனா களையான முகம்!" (சிரிப்பு)

என் மகளுக்கு அஞ்சு வயசு. எங்க வீட்ல எல்லாரும் சிவப்பு. அவ மட்டும் மறைந்த என் மாமனார் நிறம். பள்ளிக்கூடத்துல 'என் குடும்பம்' வரையச் சொன்னாங்க. படத்துல அப்பா, பாட்டி, நான், பூனைகூட இருக்கு. அவ இல்லை. "நீ எங்கேம்மா?"ன்னேன். இளஞ்சிவப்பு கிரேயானைக் காட்டினா. "இதுதான் ஸ்கின் கலராம். என் கையில வச்சுப் பார்த்தேன், சேரலைம்மா."

நானும் புத்திமதிதான் சொன்னேன். "கருப்பும் அழகுதான் கண்ணு." அவ நம்பலை. ஏன் தெரியுமா? 'கருப்பும்' என்பதில் ஓர் 'உம்', 'அழகுதான்' என்பதில் ஒரு 'தான்'. "சிவப்பும் அழகுதான்"னு யாராவது சொல்றோமா? குழந்தைக்கு இலக்கணம் தெரியாது அய்யா. ஆறுதல் எதுன்னு தெரியும்! (கைதட்டல்)

அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்று ஓர் ஓவியர். 1940இல் 'லைஃப்' பத்திரிகையில் வந்த ஒரு கருப்பினச் சிறுவனின் படங்களை வெட்டி, இருபது வருஷத்துக்கு மேல் பத்திரமா வச்சிருந்தார். 1962இல் 'தி ஸ்னோயி டே' வந்தது. பீட்டர் என்ற கருப்பினப் பையன் பனியில் விளையாடுறான். கதை அவ்வளவுதான். அவன் நிறத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது! 1963இல் கால்டெகாட் பரிசு கிடைத்தது. அதே 1962லதான் க்ரயோலா கம்பெனி, 'சதை நிறம்' என்று விற்ற கிரேயானுக்கு 'பீச்' என்று பழத்தின் பேரை வைத்தது. நாம இன்னும் ஸ்கின் கலர்னே சொல்லிக்கிட்டிருக்கோம்!

அந்தப் புத்தகத்தை வாங்கி, அவளை மடியில் வச்சுப் படிச்சேன். நிறத்தைப் பத்திக் கேட்கவே இல்லை. "பையில வச்ச பனி எங்கேம்மா போச்சு?"ன்னுதான் கேட்டா. அடுத்த வாரம் பழைய படத்தைத் தேடி எடுத்தா. பிரவுன் கிரேயானால, பூனைக்குப் பக்கத்துல தன்னை வரைஞ்சா. (பலத்த கைதட்டல்)

இது கருப்பான குழந்தைக்கு மட்டுமா? ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியை 1990இல் எழுதினார்: புத்தகம் கண்ணாடியாகவும் இருக்கணும், ஜன்னலாகவும் இருக்கணும். என் மகள் அதில் தன்னைப் பார்ப்பா. பக்கத்து பெஞ்சுக் குழந்தை அவளைப் பார்க்கும். பார்த்துப் பழகின குழந்தை பட்டப்பேர் வைக்காது. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலேயே படப் புத்தகங்கள் போடுது. நம்ம ஊர் முகங்கள் அதில் இருக்கு.

புத்திமதி சொல்லுங்க, வேண்டாங்கலை. அதுக்கு முன்னாடி, குழந்தையை மடியில் வச்சு ஒரு பக்கம் திருப்புங்க. படப் புத்தகமே என்று தீர்ப்பு வழங்க வேண்டி விடைபெறுகிறேன்.