எஃகு கிழியும் இடம்



வெள்ளி விழாக் காணும் இந்நாளில் தொழிற்கூடத்துச் செய்தி ஒன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-இல் ஒரகடத்திலும் கார்கள் உருவாகத் தொடங்கின. அவ்வட்டாரத்தில் நம் பிள்ளைகள் பலர் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ளனர். அவர்களுள் ஒருவர், நம் பழைய மாணவர், உதிரிபாகப் பட்டறை ஒன்றில் பிரஸ் எந்திரத்தில் பணி செய்பவர். தகடுகள் ஓரத்தில் கிழிந்தபோது பழி அவர்மேல் விழுந்தது. இரண்டு நாள் ஊதியம் பிடிக்கப்பட்டது. காரணம் கேட்டபோது அவரால் விடை கூற இயலவில்லை. நம்மிடம் வந்தார். நமக்கும் தெரியவில்லை, நூல்களைப் புரட்டினோம்.

கார் உடலுக்குப் பயன்படும் எஃகில் ஒரு வகை இருநிலை எஃகு. அதில் பெரும்பகுதி மென்மையான ஃபெரைட். இடையிடையே தீவுகள்போல் கடினமான மார்ட்டென்சைட். இழுத்தால் மென்பகுதி முதலில் நெகிழ்ந்து நீள்கிறது. வன்பகுதி எளிதில் இணங்குவதில்லை. ஆகவே இரண்டும் சந்திக்கும் எல்லையில் இறுக்கம் மிகுகிறது. அங்கே நுண்துளைகள் தோன்றி, வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகின்றன. சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 60 கிலோ எடை தாங்கும் தகடும் இவ்வாறே கிழிகிறது. வெட்டுக் கத்தி மழுங்கியிருந்தால் ஓரத்தில் பிசிறும் நுண்விரிசலும் முன்னரே உண்டாகிவிடும். பிரஸ்ஸில் அழுத்தும்போது கிழிசல் அங்கிருந்தே புறப்படும். எனவே அழுத்தியவர்மீது மட்டும் குற்றம் சுமத்துவது முறையன்று.

கலப்பே குறையென்று கருதவேண்டா. சுவருக்குக் குழைத்த சேற்றில் வைக்கோல் சேர்த்தனர் நம் முன்னோர். சேறு வெடித்தாலும் வைக்கோல் பிடித்துக்கொண்டது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளும் அத்தகையதே. பிசினில் ஓடிவரும் விரிசல் இழையை எதிர்கொண்டு திசைமாறித் தளர்கிறது. இழைக்கும் பிசினுக்கும் இடையே பிடிப்புக் கெட்டாலோ அடுக்குகள் பிரிந்துவிடும்.

மறுவாரம் அம்மாணவர் ஓரப் பிசிறை மேற்பார்வையாளரிடம் காட்டினார். கத்தி தீட்டப்பட்டது, கிழிசலும் குறைந்தது. பிடித்த ஊதியம் திரும்பவில்லை. ஆயினும் அன்றுமுதல் அவர் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கின்றனர்.

இளைஞர்களே! தகட்டைச் சுமக்கும் தோள் நமக்கு உண்டு. அது ஏன் கிழிந்தது என்று எடுத்துரைக்கும் அறிவும் வேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பை இடையில் விட்டுவிடாதீர்கள். வேலைக்குச் சென்றுவிட்டவர்கள் ஞாயிறுதோறும் நம் படிப்பகத்திற்கு வாருங்கள். தெரிந்ததைச் சொல்லித்தருவோம், தெரியாததைச் சேர்ந்து படிப்போம்.