அடிவயிற்றுத் தோல்மடிப்பும் இலக்கு எடையும்

உடல் எடை பெருமளவு குறைந்த பின்னரும் அடிவயிற்றில் தோல் மடிந்து தொங்குவது முயற்சிக் குறைவினால் நேர்வதன்று. அது தோலின் அமைப்பினால் நேர்வது. தோலின் உள்ளடுக்கில் கொல்லாஜன் எனப்படும் வலுத்தரும் புரத இழைகளும், இழுபட்டபின் மீண்டும் சுருங்க உதவும் எலாஸ்டின் எனப்படும் இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எலாஸ்டினின் பெரும்பகுதியை உடல் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உருவாக்கிவிடுகிறது. பல ஆண்டுகள் பருத்த வயிற்றின்மேல் இழுபட்டுச் சிதைந்த இழைகளுக்கு ஈடாக, வயது வந்தவரின் உடல் புதியவற்றை முறையாக நெய்து தருவதில்லை. ஆகவே உள்ளிருந்த கொழுப்பு கரைய, அதைப் போர்த்தியிருந்த தோல் மட்டும் உரிமையாளரற்ற உறைபோல் எஞ்சி நிற்கிறது. உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர், இரைப்பையைச் சுருக்கும் அறுவையால் மெலிந்தவர், அண்மைக்காலத்தில் பரவிவரும் செமாக்ளுடைடு, டிர்செபடைடு போன்ற வாராந்திர ஊசிகளால் மெலிந்தவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. வயிற்றுத் தசைக்கான பயிற்சிகள் தசையை வலுப்படுத்துமேயன்றித் தோலைச் சுருக்குவதில்லை என்பதையும், விளம்பரங்களில் காட்டப்படும் களிம்புகள் இந்த அளவு தளர்ச்சியைச் சரிசெய்வதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நலம். ஏனெனில் பலர் இவற்றில் ஆண்டுகளையும் பணத்தையும் இழந்த பின்னரே அறுவை மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர்.

தொங்கும் இம்மடிப்பை மருத்துவர்கள் ‘பானஸ்’ என்று அழைக்கின்றனர். துணியைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. இதற்கான அறுவைகள் இருவகைப்படும். தொங்குகின்ற தோலையும் அதனோடு ஒட்டிய கொழுப்பையும் வெட்டி நீக்கிவிட்டு விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பது பானிகுலெக்டமி, அதாவது மடிப்பு நீக்கம். தோலை நீக்குவதோடு, நடுக்கோட்டில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைத்துத் தொப்புளுக்கும் புதிய இடம் அமைப்பது அப்டமினோபிளாஸ்டி, அதாவது வயிற்றுச் சீரமைப்பு. முன்னது தொல்லையை நீக்குவதற்கும் பின்னது வடிவத்தைத் திருத்துவதற்கும் உரியது என்று பொதுவாகக் கூறலாம். முடிவெடுக்க வேண்டியவர் முதலில் தமக்கு வேண்டியது இவற்றுள் எது என்று தெளிந்துகொள்வது இன்றியமையாதது. இரண்டையும் ‘வயிற்று ஆபரேஷன்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதனாலேயே பல குழப்பங்கள் எழுகின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் நோய் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி 1899இல் வெளியிட்ட குறிப்பில், ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோ எடையுள்ள மடிப்பை நீக்கியதைப் பதிவு செய்தார். அப்பெண் மெலிந்து முடித்தவர் அல்லர். அப்போதும் பெருத்த உடலினரே. இலக்கு எடையை எட்டிய பின்னரே அறுவை என்னும் நிபந்தனை இந்த அறுவையோடு பிறந்ததன்று, பின்னாளில் வந்து சேர்ந்தது என்பதற்கு இதுவே சான்று.

அந்நிபந்தனை காரணமின்றி வரவுமில்லை. எடை இன்னும் குறைந்துகொண்டிருக்கும்போது தோலை அளந்து வெட்டினால், பின்னர்க் குறையும் ஒவ்வொரு கிலோவும் இறுக்கித் தைத்த தோலை மீண்டும் தளர்த்தும். மறு அறுவை தேவைப்படலாம். வயிற்றறையின் உள்ளே, குடலைச் சூழ்ந்து கிடக்கும் கொழுப்பு மிகுந்திருந்தால், தசைகளை எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் வயிறு தட்டையாவதில்லை. வெளித்தோலை நீக்குபவரின் கத்தி அந்த உட்கொழுப்பைத் தொடுவதுமில்லை. இவற்றினும் முதன்மையானது புண் ஆறும் தன்மை. கொழுப்பு அடுக்கு தடித்திருக்கும் வயிற்றில் இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் தையல் பிரிதல், சீழ் பிடித்தல், தோலின் விளிம்பு கருகி இறத்தல், வெட்டிய இடத்தில் நீர் கோத்துக்கொள்ளுதல், காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுதல் ஆகிய இடர்கள் எடையோடு சேர்ந்து உயர்கின்றன. எடை வேகமாகக் குறையும் காலத்தில் உடல் தன் புரதத்தையே எரித்துக்கொண்டிருப்பதால், புண்ணை மூடுவதற்குரிய மூலப்பொருளும் தட்டுப்பாடாகும். இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களிடம் இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் குறைவு சாதாரணமாகக் காணப்படுகிறது. இக்காரணங்களால், இரைப்பை அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கழித்து, அதிலும் எடை மூன்று முதல் ஆறு மாதங்கள் ஏறாமலும் இறங்காமலும் நின்ற பின்னரே தோல் அறுவையை மேற்கொள்ளுமாறு அறுவை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. மேற்கூறிய காரணங்கள் அனைத்தும் எடை நிலைபெறுவதையும் உடல் ஊட்டம் பெறுவதையும் கோருகின்றனவேயன்றி, ஓர் அட்டவணையில் குறித்துவைத்த எண்ணை எட்டுவதைக் கோரவில்லை. இலக்கு எடை என்பது பெரும்பாலும் உடல் நிறைக் குறியீட்டெண்ணிலிருந்து, அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணிலிருந்து, பின்னோக்கிக் கணக்கிடப்படுவது. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினால் மிகை எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் 2009இல் வரையறுத்தனர். தராசோ, நிற்பவரின் உடம்பில் எது கொழுப்பு, எது தசை, எது பயனற்றுத் தொங்கும் தோல் என்று பிரித்தறிவதில்லை. 160 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீட்டெண் 31க்குச் சற்று மேல். அவருடைய மடிப்பு மட்டும் 4 கிலோ இருக்குமானால், அது நீங்கிய நிலையில் அவ்வெண் 30க்குக் கீழே இறங்கிவிடும். பட்டினி கிடந்தாலும் உருகாத தோலை உருக்கிக்காட்டினால்தான் அறுவை என்று ஒருவரிடம் சொல்வது, ஆற்றைக் கடந்த பின்னர்ப் பரிசல் தருவதாகச் சொல்வதை ஒக்கும். நூற்றிருபது கிலோவிலிருந்து எழுபத்தைந்துக்கு வந்து, ஓராண்டாக அங்கேயே நிற்கும் ஒருவர், அறுபத்தைந்து என்று முன்பு எப்போதோ குறித்துவைத்த இலக்கை எட்டவில்லை என்ற ஒரே காரணத்தால் தகுதியற்றவராகிவிடுவதில்லை. பெருத்த எடையை இழந்த உடல் ஒரு கட்டத்தில் பசியைக் கூட்டியும் ஆற்றல் செலவைக் குறைத்தும் மேலும் மெலிவதை எதிர்த்து நிற்பது உடலியல் நன்கறிந்த உண்மை.

மடிப்பு உண்மையில் என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே காத்திருப்பின் விலை புரியும். மடிப்பின் அடியில் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருக்க, காற்றுப் புகாத அவ்விடத்தில் வியர்வை தேங்குகிறது. ஈரத்தில் ஊறி வெளுத்த தோல் நடக்கும்போது உரசி உரிகிறது. உரிந்த இடத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சை குடியேறி, சிவந்த படையும் அரிப்பும் துர்நாற்றமும் உண்டாகின்றன. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் இப்புண் ஆறுவதற்குள் மறுபடியும் வெடிக்கிறது. பூசிய பவுடர் ஈரத்தில் குழைந்து கட்டிகட்டியாய்த் திரள்கிறது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நான்காய் மடித்து மடிப்புக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கின்றனர். மதியத்திற்குள் அத்துணி நனைந்துவிட, மாற்றுவதற்கு மறைவான இடம் தேடுகின்றனர். பாவாடை நாடாவை மடிப்பின்மேல் கட்டினால் நழுவுகிறது, அடியில் கட்டினால் புண்ணில் அறுக்கிறது. மடிப்பு பெரிதானால் இடுப்பை முன்னோக்கி இழுத்து முதுகுவலியைத் தருவதோடு, வேகமாக நடப்பதையும் தடுக்கிறது. நடந்தால்தான் எடை குறையும், எடை குறைந்தால்தான் அறுவை, அறுவை நடந்தால்தான் நடக்க முடியும் என்ற வட்டத்துக்குள் அகப்பட்டவரிடம் ‘இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டு வாருங்கள்’ என்பது மருத்துவ அறிவுரை ஆகாது.

ஆதலின் இத்தகையோருக்கு, மருந்துக்கு அடங்காத புண்ணும் நடமாட்டத் தடையும் உள்ளவர்களுக்கு, இலக்கு எடைக்கு முன்னரே மடிப்பு நீக்கத்தை மட்டும் செய்துகொள்வது நியாயமான முடிவு என்றே இவ்வுரை கருதுகிறது. ஆனால் அவர் அதை இரண்டு கட்டங்களில் முதற்கட்டம் என்று தெரிந்தே ஏற்கவேண்டும். பின்னர் மேலும் பத்துப் பதினைந்து கிலோ குறைந்தால் தோல் மீண்டும் தளரும் என்பதையும், அப்போது இரண்டாம் அறுவைக்குரிய செலவும் மயக்க மருந்தும் ஓய்வும் மறுபடியும் வேண்டியிருக்கும் என்பதையும் முன்பே எழுதிக்கொள்வது நல்லது. மாறாக, புண் ஏதுமின்றி, கண்ணாடியில் தெரியும் வடிவத்திற்காகவே வயிற்றுச் சீரமைப்பை நாடுபவருக்கு எடை இன்னும் மாதந்தோறும் இறங்கிக்கொண்டிருந்தால், காத்திருப்பதே அவருக்கு ஆதாயம். ஒரே முறை செய்யக்கூடியதை இருமுறை செய்யவேண்டியதில்லை. விரைவில் கருவுற எண்ணும் பெண்களுக்கும் இதுவே பொருந்தும். வடிவத்தை நாடுவது அற்பமான ஆசை என்று எவரும் இகழவும் கூடாது: பாதி உடம்பைக் கரைத்தவர் தம் உழைப்பின் பயனைத் தம் உடலிலேயே காணமுடியாமல் சட்டைக்குள் மறைத்துத் திரிவது மெய்யான துயரம்.

ஊசி மருந்தால் மெலிந்தவர்களின் நிலை தனியே ஆராயத்தக்கது. அம்மருந்தை நிறுத்தியவர்களுக்கு இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசியைத் தொடரப்போகிறாரா, நிறுத்தப்போகிறாரா என்று தீர்மானிக்காதவரின் எடையை நிலைபெற்ற எடை என்று சொல்ல இயலாது. மேலும் இம்மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், இரவு முழுதும் உண்ணாமல் இருந்தவரின் வயிற்றிலும் உணவு மிஞ்சியிருந்து, மயக்க நிலையில் மேலேறி நுரையீரலுக்குள் புகக்கூடும். ஊசி போட்டுக்கொள்வதை மயக்க மருத்துவரிடம் மறைப்பது உயிருக்கே ஆபத்து. புகைப்பவர் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னரே நிறுத்திவிட வேண்டும். நிகோடின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்கித் தோல் விளிம்பைச் சாகடிப்பதில், எடையைவிடவும் இரக்கமற்றது. சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை கட்டுக்குள் இருப்பது, தராசு காட்டும் ஓரிரு கிலோவைவிட முக்கியமானது.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் மருத்துவக் காப்பீடுகளில் அழகுக்கான அறுவை பொது விலக்காகும். எனினும் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான கேட்டை நீக்கும் சிகிச்சையின் பகுதி என்று மருத்துவர் சான்றளித்தால் அவ்விலக்கு பொருந்தாது என்று விதியின் வாசகமே இடம் தருகிறது. ஆகவே புண் வந்தபோதெல்லாம் தோல் மருத்துவரிடம் காட்டி, மருந்துச் சீட்டுகளையும் தேதியிட்ட புகைப்படங்களையும் சேர்த்துவைப்பவருக்கு வாதிட ஆதாரம் உண்டு. வெட்கத்தால் வீட்டிலேயே களிம்பு பூசிக்கொண்டவருக்கு அது இல்லை.

அறுவைக்குப் பின், ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீண்ட தழும்பு வாழ்நாள் முழுதும் இருக்கும். அதன் மேற்பகுதியில் மரத்துப்போன உணர்வு பல மாதங்களுக்கும், சிலருக்கு நிரந்தரமாகவும் நீடிக்கும். தேங்கும் நீரை வெளியேற்றும் வடிகுழாய்களைச் சில நாட்கள், சில வேளை சில வாரங்கள் இடுப்பில் தொங்கவிட்டிருக்க வேண்டும். தையல் இழுபடாதபடி முதல் வாரம் கூனிக்கொண்டே நடக்கவேண்டும். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடத்தையோ குழந்தையையோ தூக்கலாகாது என்பதால், வீட்டில் அவற்றைத் தூக்குபவர் யார் என்பது அறுவை நாளைக் குறிக்கும் முன்னரே முடிவாகியிருக்க வேண்டிய செய்தி. பல மாதங்களாக நாள்தோறும் தராசில் ஏறிப் பழகியவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக அதில் ஏறுவதுண்டு. நான்கு கிலோ தோல் போன பின்னரும் தராசு முன்னைய எண்ணையோ அதற்கும் மேலான எண்ணையோ காட்டக்கூடும். நரம்பில் ஏற்றிய திரவமும் புண்ணைச் சூழ்ந்த வீக்கமுமே அதற்குக் காரணம், வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். இதை முன்கூட்டியே அறிந்த மருத்துவர்கள், முதல் மாதம் முடியும் வரை தராசைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்துவிடுமாறு வீட்டாரிடம் சொல்லியனுப்புகின்றனர்.