மடலைத் திறப்பவர் யார்?

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணமும் அன்று, இலக்கியமும் அன்று. தமிழ்ப் புலவனுக்குக் கணினியோடு என்ன உறவு என்று சிலர் நகைக்கக்கூடும். மடல் எழுதுவோன் எவனோ அவனுக்கு இதில் உறவுண்டு. நாம் எழுதும் மடல்கள் இன்று தாளில் இல்லை. பிறர் கட்டிய கூடத்தில், பிறர் வைத்த பெட்டியில் கிடக்கின்றன. திறவுகோலும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அப்பெட்டியை யார், எப்பொழுது, யாரைக் கேட்டுத் திறக்கலாம்? இவ்வினா உலகறிய எழுந்த இடங்களுள் ஒன்று அமெரிக்க நாட்டின் ஆர்வர்டு பல்கலைக்கழகம்.

ஆர்வர்டு என்றவுடன் உங்கள் நெஞ்சில் தமிழ் இருக்கை தோன்றும். அதற்கு வேண்டிய 60 இலக்கம் தாலரை உலகத் தமிழர் 2018-இல் திரட்டி முடித்தனர். தமிழக அரசும் 10 கோடி உருபா தந்தது. பொருள் கொடுத்த வீட்டின் முகப்பை மட்டும் பார்த்து மகிழாமல் உள்ளறையையும் அறிந்துகொள்வதில் பிழையொன்றும் இல்லை.

2012 ஆகத்துத் திங்களில் அப்பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அரசியல் பாடம் ஒன்றில், வீட்டிலிருந்தே எழுதித் தரும் தேர்வில், ஏறத்தாழ 125 மாணவர் ஒருவரையொருவர் பார்த்து எழுதியிருக்கலாம் என்ற ஐயத்தை ஆராய்வதாகச் சொன்னது. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர்ச் சிறிது காலம் கல்லூரியை விட்டு நீங்கியிருக்கப் பணிக்கப்பட்டனர். அது மாணவர் பிழை. நான் பேச வந்தது அதற்கடுத்து ஆட்சியாளர் செய்ததைப் பற்றி.

அங்குள்ள மாணவர் விடுதிகளில் மாணவரோடு உடனுறைந்து அவர்க்கு வழிகாட்டும் பொறுப்பாளர் உண்டு. அவர்களே வகுப்பும் எடுப்பர்; ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் அமர்வர். ஐயத்திற்குள்ளான மாணவர்க்கு, குறிப்பாக விளையாட்டு வீரர்க்கு, என்ன அறிவுரை கூறுவது என்று இப்பொறுப்பாளர்க்கு அனுப்பிய உள்மடல் ஒன்று செய்தித்தாளில் வெளிவந்துவிட்டது. வெளியே விட்டவர் யார் என்று அறியக் கல்லூரி ஆட்சி, 16 பொறுப்பாளரின் அஞ்சற் கணக்குகளிலும் அம்மடலின் தலைப்பு வரியைத் தேடச் செய்தது. இது நடந்தது 2012 செபுதம்பரில். ஒரு பொறுப்பாளர் தம்மிடம் அறிவுரை நாடிய மாணவருக்கு அதனை அனுப்பியிருந்தார் என்று தெரிந்தது. அவருக்கு மட்டும் செய்தி சொல்லப்பட்டது. அவரை ஒறுக்கவும் இல்லை. ஏனைய பதினைவர்க்கும் ஒரு சொல்லும் இல்லை. ஆறு திங்கள் கழித்து, 2013 மார்ச்சில் பாசுடன் குளோபு நாளிதழ் வெளியிட்டபோதுதான் தம் பெட்டிக்குள் கை நுழைந்த கதையை அவர்கள் அறிந்தனர்.

மார்ச்சு 11-ஆம் நாள் கல்லூரித் தலைவர் எவலின் ஆமண்ட்சும் புலத்தலைவர் மைக்கேல் சிமித்தும் விளக்கம் அளித்தனர். எவருடைய மடலின் உள்ளுரையையும் எவரும் படிக்கவில்லை என்றனர். மூன்று கிழமை சென்றபின், ஏப்பிரல் 2-இல், ஆமண்ட்சு அம்மையார் இன்னொன்றை ஒப்புக்கொண்டார். அந்த ஒருவருடைய கணக்குகளில் இரண்டாம் முறையும் தேடினார்களாம். மாணவர் நாளிதழின் செய்தியாளர் இருவர் பெயரை வைத்துத் தேடினார்களாம். புலத்தலைவரின் இசைவையும் அதற்குப் பெறவில்லை.

இங்கே சற்று நிற்போம். "உறையைப் பிரிக்கவில்லை, மேலெழுத்தை மட்டுமே பார்த்தோம்" என்பது அவர்கள் வாதம். மேலெழுத்தில் என்ன இல்லை? யார் யாருக்கு எழுதினார், எந்நாளில், எத்தனை முறை என்பதெல்லாம் அங்கேயே இருக்கிறது. செய்தியாளரோடு பேசியவர் எவர் என்று அறிய விரும்புவோனுக்கு உள்ளுரை வேண்டுவதே இல்லை. பெயர் ஒன்று போதும். ஊர்க் கோடியில் நின்றுகொண்டு, "நான் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை, யார் வீட்டுக்கு யார் போகிறார் என்று குறித்துக்கொள்ளத்தான் செய்தேன்" என்பவனை நாம் நல்லவன் என்போமா?

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆசிரியரின் மடல் கமுக்கமுடையது. மிக அரிய நேர்வில்தான் அதனைத் திறக்கலாம். திறந்தால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு நெறி இருந்தது. அலுவலர்க்கோ அத்தகைய காப்பு இல்லை. விடுதிப் பொறுப்பாளர் ஆசிரியரா, அலுவலரா? கற்பிக்கும்போது ஆசிரியர், பெட்டியைத் திறக்கும்போது அலுவலர் என்று ஆட்சி கொண்டது. ஒரே ஆள், ஒரே நெஞ்சு. காப்பு மட்டும் இருவகை! ஆசிரியர்க்கு ஒரு நெறி, எழுத்தர்க்கு ஒரு நெறி என்று வகுத்ததே தவறு என்பது என் துணிபு. கூலி குறைந்தவனுக்குக் கமுக்கமும் குறைவு என்பது எந்த அறத்தில் வரும்?

பல்கலைக்கழகத் தலைவர் துரூ பௌசுட்டு அம்மையார் மைக்கேல் கீட்டிங்கு என்னும் வழக்கறிஞரை ஆராயச் செய்தார். ஆட்சியாளர் நல்லெண்ணத்தோடுதான் நடந்தனர் என்று அவர் அறிக்கை 2013 சூலையில் கூறியது. ஆமண்ட்சு அம்மையாரும் அவ்வாண்டே பொறுப்பினின்று விலகினார். மடற்சிக்கல் அதற்குக் கரணியம் அன்று என்று அவரே சொன்னார். நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. நல்லெண்ணம் உடையோரே இவ்வாறு செய்யக்கூடுமானால், அஃதில்லாதார் கையில் அத்திறவுகோல் என்ன செய்யும் என்பதே என் கவலை.

பின்னர், சட்டப் பேராசிரியர் தேவிட்டு பாரன் தலைமையிலான குழு வகுத்த நெறிமுறையை 2014-இல் அப்பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பிறரைப் பார்த்து நாம் கற்கத்தக்கது இது. தக்கதும் இன்றியமையாததுமான பல்கலைக்கழக நோக்கம் இருந்தாலன்றித் திறக்கலாகாது. பொறுப்புக் கூறவல்ல ஒருவர் இசைய வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் துழாவக் கூடாது. உரியவர்க்குப் பொதுவாக அறிவித்தாக வேண்டும். இவையெல்லாம் எவரும் எண்ணக்கூடியவையே. எனக்குப் பிடித்தவை எஞ்சிய இரண்டு: திறந்த ஒவ்வொரு முறைக்கும் பின்னர் ஆராயத்தக்க பதிவு இருக்க வேண்டும், ஆசிரியரும் இடம்பெற்ற தனிக்குழுவொன்று இவற்றைத் தொடர்ந்து மேற்பார்க்க வேண்டும். பூட்டுக்குக் காவலன் இருந்தால் போதாது. காவலனுக்கும் கணக்கு வேண்டும்.

ஆயினும், மடலுக்கு நெறி வகுத்த அதே ஆண்டின் இளவேனிற் பருவத்தில் அங்கே பத்து விரிவுரைக் கூடங்களில் படக்கருவிகளை வைத்து, வகுப்புக்கு எத்தனை பேர் வருகின்றனர் என்று ஆராய்ந்திருக்கின்றனர். படத்தில் சிக்கிய மாணவர் ஏறத்தாழ 2000 பேர். மாணவர்க்கும் சொல்லவில்லை, பாடம் நடத்தியோர்க்கும் முன்னரே சொல்லவில்லை. நவம்பரில் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டபோதுதான் அது வெளிப்பட்டது. மடலுக்கு எழுதிய நெறி கண்ணுக்குப் பொருந்தாதோ?

திறப்பவர் எப்பொழுதும் ஆட்சியாளராகவே இருப்பதும் இல்லை. 2011-இல் விசுகான்சின் மாநிலத்தில் அரசுப் பணியாளரின் கூட்டுப் பேச்சுரிமையை ஆளுநர் பறிக்க முனைந்தபோது, அரசுப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் குரோணன் அதன் பின்புலத்தை ஆய்ந்து எழுதினார். இரண்டே நாளில் ஆளுநரின் கட்சி, திறந்த ஆவணச் சட்டத்தைக் காட்டி, அவருடைய பல்கலைக்கழக மின்மடல்களைக் கேட்டது. பொதுமக்களுக்கு அரசைத் திறந்து காட்ட எழுந்த சட்டம் அது. அதனையே ஓர் ஆசிரியரின் வாயை அடைக்கக் கருவியாக்கப் பார்த்தனர். பல்கலைக்கழகம் ஏப்பிரல் முதல் நாள் சிலவற்றைக் கொடுத்தது. மாணவரோடு எழுதியவற்றையும், தனிவாழ்க்கை மடல்களையும், அறிஞரோடு அறிஞர் கருத்தாடியவற்றையும் கொடுக்க மறுத்தது. அம்மறுப்பு பாராட்டத்தக்கது.

நம் மொழியில் அஞ்சல் என்னும் சொல்லைப் பாருங்கள். அஞ்சுதலும் அஞ்சல், அஞ்சாதே என்னும் ஏவலும் அஞ்சல், மடற்போக்குவரவும் அஞ்சல். பெட்டியின் திறவுகோல் யார் கையில் என்று தெரியாத ஆசிரியன் முதற்பொருளில்தான் எழுதுவான். தேர்வுத்தாள் முறைகேட்டைக் கண்டவன் எழுதமாட்டான். துன்புற்ற மாணவி தன் ஆசிரியைக்கு எழுதமாட்டாள்.

வள்ளுவப் பெருந்தகையே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்துப் பணிசெய்வாரையும் ஒற்றறியச் சொன்னாரே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். சொன்னார், உண்மை. அது நாடு காக்கும் வேந்தனுக்கு. கல்லூரி நாடும் அன்று; முதல்வர் வேந்தரும் அல்லர். மேலும் அதே அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒத்துப்பார்த்தே கொள்ள வேண்டும் என்கிறார். வேந்தனையும் ஒருவன் சொல்லை நம்பிச் செயற்பட விட்டாரில்லை.

நம் நாட்டு நிலை என்ன? 2017 ஆகத்து 24-ஆம் நாள் இந்திய உச்ச வழக்குமன்றத்தின் ஒன்பது நடுவரும் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். 2023-இல் இயற்றப்பட்ட தனியாள் தரவுக் காப்புச் சட்டமோ, பணி தொடர்பான நோக்கங்களுக்கும், பணி தருவோரை இழப்பினின்று காக்கவும், பணியாளரின் இசைவைப் பெறாமலே அவர்தம் தரவைக் கையாள வழி விடுகிறது. தில்லிக்கு மடல் திறக்கும் வேட்கை புதிதன்று. 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் சட்டத் திருத்தத்திற்குக் குடியரசுத் தலைவர் செயில் சிங்கு இசைவு தராமல் நிறுத்திவைத்தார். 2023-இல் வந்த புதிய அஞ்சல் சட்டம் இடைமறித்துத் திறக்கும் உரிமையை ஒன்றிய அரசுக்கு மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறது.

ஆகவே சட்டம் வந்து காக்கும் என்று காத்திராமல் நாமே கேட்போம். உங்கள் கல்லூரி உங்களுக்கு அஞ்சற் கணக்குக் கொடுத்தபோது, அதனை எவர் திறக்கலாம் என்று எழுதித் தந்ததா? திறந்தால் உங்களுக்குச் சொல்வதாக உறுதி கூறிற்றா? திறந்ததற்குப் பதிவேடு உண்டா? பணி ஓய்வு பெற்றபின் அக்கணக்கிலுள்ள உங்கள் மடல்கள் என்னாகும்? இந்நான்கையும் நல்ல தமிழில் எழுதிய விண்ணப்பம் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. அலுவலர், எழுத்தர், நூலகர் எல்லாரும் ஒப்பமிடலாம். ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. விடை வந்து சேர வேண்டிய முகவரியாக உங்கள் வீட்டு முகவரியை எழுதுங்கள். கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியை எழுத வேண்டா.