படகுப் படத்தில் பதிவு எண்ணும் தெரியட்டும்!

ராமேசுவரம் மீன்பிடித் துறைமுகத்தில் இளைஞர்கள் நடத்திய படகுகள் புகைப்படக் கண்காட்சியைத் திறந்துவைத்து, நமது மீனவர் அணிச் செயலாளர் ஆற்றிய உரை:

மீன் கூடையை இறக்கி வச்சிட்டு வந்திருக்கிற தாய்மார்களே, கேமராவோட வந்திருக்கிற தம்பி தங்கைகளே!

படங்களைப் பார்த்தேன். அழகா இருக்கு. கரையேத்தி வச்ச விசைப்படகுக்குப் பெயின்ட் அடிக்கிற படம் கண்ணைப் பறிக்குது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்துலதான் படகு இப்படி மின்னும். அந்த மினுமினுப்புக்குப் பின்னால வட்டிக்கு வாங்கின கடன் இருக்கு. அடகுக்குப் போன தாலிச் சங்கிலி இருக்கு.

ஒரு படத்துக்கு முன்னால ஓர் அக்கா ரொம்ப நேரமா நின்னாங்க. "என்னக்கா பாக்குறீங்க?"ன்னு கேட்டேன். "இது எங்க படகு தம்பி. இப்ப இலங்கையில கெடக்கு"ன்னாங்க. முகப்புல எழுதியிருந்த பதிவு எண்ணை விரலால தடவிக்கிட்டே சொன்னாங்க. படம் எடுத்த தம்பிக்கு அது ஒரு சூரிய உதயம். அந்த அக்காவுக்கு அது குடும்பத்தோட மொத்தச் சொத்து.

தோழர்களே, பிடிபட்ட மீனவன் விடுதலையாகி வந்தாலும் படகு வருவதில்லை. 2022 பிப்ரவரியில் காரைநகர் உள்ளிட்ட இடங்களில் நம் படகுகளை ஏலம் விட்டார்கள். ஏலம் போகாத படகும் உப்புக்காத்துல கிடந்து மட்கிப் போகுது.

யாழ்ப்பாணத்து மீனவனும் நம்ம சொந்தம்தான். அவன் வலை கிழிஞ்சா அவன் வீட்டு அடுப்பும் எரியாது. அதனாலதான் சொல்றோம்: இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேச ஒன்றிய அரசு வழி செய்யணும். படகுகளை மீட்கணும். மீட்க முடியாத படகுக்கு முழு இழப்பீடு தரணும்.

தம்பி தங்கைகளுக்கு மூணு வேண்டுகோள். படம் அழகா வரணும்னு பதிவு எண்ணை வெட்டிடாதீங்க. நாளைக்கு அதுவே சாட்சி. ஐஸ் உடைக்கிறவங்களையும், வலை சீர் பண்றவங்களையும், மீன் பிரிக்கிற பெண்களையும் கேட்டுட்டு எடுங்க. எடுத்த படத்துல ஒரு பிரதி அவங்க கையில கொடுங்க.

மதுரையில் மீன் வித்த தாயோட மகன்தான் புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார். இதே ராமநாதபுரம் கடலோரத்துல பாசி எடுக்கிற பெண்களோட உழைப்பை நாடறியச் செய்தவர் அவர். நாளைக்கு இந்தத் துறைமுகத்துப் பிள்ளையும் கேமரா தூக்கணும்.

அந்த அக்கா பார்த்த படத்தைக் கழற்றி அவங்க கையிலேயே கொடுத்தாச்சு. படகையும் மீட்டுக் கொடுக்கிற வரைக்கும் நம்ம வேலை முடியாது.



#மீனவர்_உரிமை #படகுகளை_மீட்போம்