தோல்வியின் மறுநாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை பேசுவதும் நம் வழக்கம். இம்முறை ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச முற்பட்டுள்ளோம். 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள், சென்னையில் பிறந்து வளர்ந்த 18 வயது இளைஞர் குகேஷ், சிங்கப்பூரில் சீனநாட்டு டிங் லிரனை வென்று சதுரங்க உலகச் சாம்பியன் ஆனார். அதற்குமுன் மிக இளமையில் அம்முடி சூடியவர் காஸ்பரோவ். 1985இல் கார்ப்போவை வென்றபோது அவருக்கு வயது 22. சிங்கப்பூர்ச் செய்தி வந்த நாள்தொட்டு நம் குடியிருப்பில் சதுரங்கப் பலகை வாங்காத வீடு குறைவு. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஆடுகின்றனர். பெற்றோரோ, "நம் பிள்ளையும் அப்படி ஆவானா? நம் மகளும் அப்படி வருவாளா?" என்று எண்ணுகின்றனர்.

அவ்வெண்ணத்தில் பிழையில்லை. ஆனால் அந்த வெற்றி எவ்வாறு வந்தது என்பதை அறியாமல் ஆசையை மட்டும் வளர்த்துக்கொண்டால், அது பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் தீங்காகவே முடியும். ஆகவே, அப்போட்டியைச் சற்று நெருங்கி நின்று காண்போம்.

முதற்கண், எதிரே அமர்ந்தவர் யார் என்பதை அறிதல் முறை. வென்றவரைப் புகழ்வதற்காகத் தோற்றவரைச் சிறுமைப்படுத்துவது தமிழர் பண்பன்று. டிங் லிரன் 1992இல் பிறந்தவர். 2017, 2018 ஆண்டுகளில், நெடுநேர ஆட்டங்களில் 100 ஆட்டங்களைத் தோல்வியே காணாமல் தொடர்ந்து ஆடிக் காட்டியவர். 2023 ஏப்ரலில் கஜகஸ்தானின் அஸ்தானா நகரில் நெப்போம்னியாச்சியை வென்று, உலகச் சாம்பியனான முதல் சீன ஆடவர் என்னும் பெருமை பெற்றார். முடி சூடியபின் மனச்சோர்வு அவரை வாட்டியது. அதனை அவர் மறைக்கவில்லை; உலகறியக் கூறினார். பல திங்கள் ஆடாதிருந்தார். ஆடியபோதும் தரவரிசையில் இறங்கினார். சிங்கப்பூருக்கு அவர் வந்தபோது தரவரிசையில் அவர் இடம் 23. குகேஷின் இடம் 5. "இளைஞர் எளிதில் வெல்வார்" என்றே பலரும் எழுதினர்.

அந்த இளைஞர் வந்த வழியையும் காண்போம். மேதைகள் வானத்திலிருந்து வீழ்பவர் அல்லர். அவர்க்கு முன்னே வழி சமைத்தோர் இருக்கின்றனர். பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மானுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசியச் சாம்பியனாகத் திகழ்ந்தார். சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் அமைந்த தால் சதுரங்கக் கழகத்தில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். அன்னையிடம் ஆட்டம் கற்ற அவர், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்து முறை உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். 2013 நவம்பரில் அதே சென்னையில் நார்வே நாட்டுக் கார்ல்சனிடம் ஆனந்த் முடியை இழந்தபோது, பார்வையாளருள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆடுவோரைக் கண்டு, தானும் ஒருநாள் அதனுள் அமர வேண்டும் என்று எண்ணினான். அச்சிறுவனே குகேஷ். நம்மவர் தோற்ற போட்டியே அடுத்த சாம்பியனுக்கு வித்தாயிற்று என்பதை மறவாதீர்கள்.

அந்த வித்து வளர ஒரு குடும்பம் கொடுத்த விலையும் பெரிது. தந்தையார் காது மூக்குத் தொண்டை மருத்துவர். மகனுடன் ஊர் ஊராகச் செல்வதற்காகத் தம் தொழிலைச் சுருக்கிக்கொண்டார். அன்னையார் நுண்ணுயிரியல் துறையில் பணிபுரிந்து இல்லத்தைத் தாங்கினார். பொருள் முட்டுப்பட்ட காலத்தில் நண்பர்கள் உதவினர். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவோ, தொடக்கக் காலத்தில் கணினியின் துணையை நாடவிடாமல், சொந்த மூளையால் கணக்கிடும் பழக்கத்தையே ஊட்டினார்.

நாம் வாழும் இத் தலைநகருக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 2019 ஜனவரியில் இதே டில்லி மாநகரில் நடந்த போட்டியில்தான் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் தகுதியை நிறைவுசெய்தார். அன்று அவருக்கு வயது 12 ஆண்டு, 7 திங்கள், 17 நாள். உலகிலேயே மிக இளையவர் என்னும் பெருமை ருசிய நாட்டுக் கர்யாகினிடம் இருந்தது. அது 12 ஆண்டு, 7 திங்கள். ஆக, வெறும் 17 நாளில் அப்பெருமை கைநழுவிற்று. அன்று அது பேரிழப்பாகத் தோன்றியது. ஆனால் நிகழ்ந்தது என்ன? அச்சாதனையை வைத்திருந்த கர்யாகின் 2016இல் நியூயார்க்கில் கார்ல்சனை எதிர்த்து உலகப் பட்டத்துக்கு ஆடித் தோற்றார். 17 நாள் பிந்திய சிறுவரோ முடி சூடினார். பிள்ளையின் வயதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வயதையும் ஒப்பிட்டு ஏங்கும் பெற்றோர் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. குகேஷின் தனிச்சிறப்பு அவர் வென்ற நாட்களில் வெளிப்பட்டதைவிட, அவர் தோற்ற மறுநாட்களில்தான் மிகுதியும் வெளிப்பட்டது.

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதற்பலகையில் ஆடிய அவர், முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரவிடம், வெல்லும் நிலையிலிருந்து நேர நெருக்கடியில் தடுமாறித் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குச் சென்றது. நம் இரண்டாம் அணிக்கு வெண்கலமே கிட்டியது. சொந்த ஊருக்கு அருகே, சொந்த மக்கள் முன்னே வந்த அத்தோல்வி 16 வயதுப் பிள்ளையை முறித்திருக்கக்கூடும், முறிக்கவில்லை. 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில், சாம்பியனை எதிர்க்கத்தக்கவர் யாரெனத் தேரும் போட்டியின் ஏழாம் சுற்றில் மீண்டும் அத்தகைய தோல்வி. பிரெஞ்சு வீரர் பிரூஜாவிடம் கடிகார நெருக்கடியில் வீழ்ந்தார். அடுத்து வந்த ஓய்வு நாளில் உள்ளம் தெளிந்தது; அத்தெளிவே திருப்பமாயிற்று என்று பின்னர் அவரே கூறினார். 14 ஆட்டங்களில் 9 புள்ளி பெற்று அப்போட்டியில் முதல்வரானார். அவ்வாண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா தங்கம் வென்றபோது, முதற்பலகையில் 10 ஆட்டங்களில் 9 புள்ளி பெற்றவரும் அவரே.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். 14 ஆட்டங்கள், முதலில் ஏழரைப் புள்ளி எட்டியவர்க்கே முடி. நவம்பர் 25ஆம் நாள் முதல் ஆட்டம். வெள்ளைக் காய்களோடு ஆடிய இளைஞர் தோற்றார். அவ்வாண்டு ஜனவரிக்குப் பின் நெடுநேர ஆட்டம் எதிலும் வெல்லாதிருந்த டிங், உலகம் வியக்க வென்றார். "முடிந்தது" எனப் பேசியோர், இப்போது சாம்பியனைப் பற்றிப் பேசவில்லை. இளைஞரைப் பற்றிப் பேசினர். மறுநாள் கறுப்புக் காய்களோடு அமர்ந்த குகேஷ், ஆத்திரப்பட்டுப் பாயாமல் அமைதியாக ஆடிச் சமன் செய்தார். அதற்கடுத்த நாள் வென்றார். மூன்று நாளில் கணக்கு நேராயிற்று.

அதன்பின் ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து சமன். பார்ப்போர்க்கு அலுப்பூட்டிய அந்நாட்களில்தான் பின்னாள் முடிவுக்கு விதை ஊன்றப்பட்டது எனலாம். ஆறாம் ஆட்டத்தில் ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப ஆடிச் சமன் கொள்ளும் வாய்ப்பு வந்தது. தம் நிலை சிறிதே தாழ்ந்திருந்தும் குகேஷ் அதனை ஏற்காமல் போரைத் தொடர்ந்தார். "இவன் எளிதில் எழுந்து போக மாட்டான்" என்னும் செய்தி எதிரே இருந்தவர்க்கு எட்டியிருக்க வேண்டும். டிசம்பர் 8ஆம் நாள் பதினொன்றாம் ஆட்டத்தில் டிங் தவறிழைக்க, குகேஷ் முன்னேறினார். மறுநாளே டிங் மிக அழகான ஆட்டம் ஆடிக் கடனைத் தீர்த்தார். ஆறுக்கு ஆறு. நொந்த உள்ளத்தோடும் குலையாத அறிவோடும் ஆடிய அச்சாம்பியனின் மாண்பு அன்று விளங்கிற்று. முன்னேறிய மறுநாளே வீழ்த்தப்படுவது முதல்நாள் தோற்பதினும் கொடிது. இளைஞர் அதனையும் தாங்கினார். பதின்மூன்றாம் ஆட்டம் 69 நகர்த்தல்வரை நீண்டு சமனாயிற்று.

டிசம்பர் 12, கடைசி ஆட்டம். சமன் ஆனால் மறுநாள் விரைவாட்டங்களால் முடிவு காணப்படும். டிங் அதற்கு உடன்பட்டவராய், அரசிகளை மாற்றி, ஒரு சிப்பாய் குறைந்தாலும் காக்கத்தக்க நிலைக்கு ஆட்டத்தைக் கொணர்ந்தார். இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. இளைஞரிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அறிந்தோர் பலரும் சமன் என்றே எழுதிவிட்டனர். குகேஷ் எழவில்லை. நகர்த்திக்கொண்டே இருந்தார், நேரமும் அவரிடம் மிகுதி. 55ஆம் நகர்த்தலில் டிங் யானைக்கு எதிரே யானையை வைத்தார். மந்திரியோ மூலைக் கட்டத்தில் நின்றது. யானைகள் மாறின, உடனே மந்திரிகளும் மாற வேண்டியதாயிற்று. எஞ்சிய சிப்பாய் ஆட்டம் காக்க இயலாதது. 58ஆம் நகர்த்தலோடு சாம்பியன் கைகொடுத்தார். ஏழரைக்கு ஆறரை. இளைஞர் முகம் பொத்தி அழுதார். அழுதபின் செய்தது என்ன தெரியுமா? பலகையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கிவைத்தார். பின்னர்ப் பேசுகையில், டிங்கை உண்மையான சாம்பியன் என்று போற்றினார்.

"சாம்பியனின் தவற்றால் கிடைத்த முடிதானே இது!" என்று கூறுவாரும் உளர். அவர்க்கு நாம் பணிவோடு விடை கூறுவோம். தவறு தானாக வருவதன்று. மூன்று வாரம் நாள்தோறும் நான்கு மணி, ஐந்து மணி நேரம் வினாக்களை எழுப்பிக்கொண்டே இருப்பவரின் முன்னேதான், விடை சொல்லிச் சோர்ந்தவர் தவறுவார். சமன் என்று எழுந்திருந்தால் அத்தவறு பிறந்தே இராது. அமர்ந்திருந்ததே அவ்விளைஞரின் ஆற்றல். அந்த ஆற்றலை மாமல்லபுரமும் டொராண்டோவும் நவம்பர் 25ஆம் நாளும் அவருக்குக் கற்பித்தன.

பெரியோர்களே! ஊரைவிட்டு வந்து வாழும் நம்மிடம் ஓர் இயல்பான அச்சம் உண்டு. நிலமும் உறவும் தொலைவில் இருக்க, பிள்ளையின் தேர்ச்சி ஒன்றே நம் கைப்பொருள் என எண்ணுகிறோம். அதனால் மதிப்பெண் குறைந்த நாளிலும் போட்டியில் தோற்ற நாளிலும் நம் இல்லங்களில் உணவு இறங்குவதில்லை, சொல்லும் கடுமையாகின்றது. மேதைக்கும் தோல்வி உண்டு என்று மேடையில் கைதட்டுகிறோம். நம் பிள்ளையின் தோல்வியைமட்டும் மன்னிக்க மறுக்கிறோம். குகேஷின் பெற்றோர் நான்காம் வகுப்புக்குப் பின் அவரை முழுநேரப் பள்ளியிலிருந்து விலக்கிப் பெருந்துணிவு கொண்டனர். அத்துணிவு எல்லார்க்கும் ஏற்றதன்று. அப்படி விலக்கப்பட்டு எங்கும் எட்டாத பிள்ளைகளின் பெயரை எந்த நாளிதழும் அச்சிடுவதில்லை. பின்பற்றத்தக்கது அத்துணிவு அன்று. தோற்ற மகனை மறுநாளும் பலகை முன் அமரவிட்ட பொறுமையே ஆகும்.

ஆகவே நாம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். சனிக்கிழமை மாலைதோறும் நம் மண்டபத்தில் நாலைந்து பலகைகள் விரிக்கப்படட்டும். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளோடு ஆடட்டும். ஆடிய ஆட்டத்தைத் தமிழில் குறித்துவைக்கும் பழக்கம் வளரட்டும். பரிசுக் கோப்பை பின்னர் வரலாம். முதலில் ஒரு விதி மட்டும் வைப்போம்: ஆட்டம் முடிந்ததும், வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து காய்களை அடுக்கிவைத்துவிட்டே எழ வேண்டும், அடுத்த சனிக்கிழமை இருவரும் வர வேண்டும்.

இவ்விதியைக் கைக்கொள்ளும் பிள்ளைகள் சாம்பியன் ஆகலாம், ஆகாமலும் போகலாம். எவ்வாறாயினும், வாழ்க்கை என்னும் நெடிய ஆட்டத்தில் மறுநாள் எழுந்து அமரத் தெரிந்தவர்களாய் வளர்வர் என்பதில் ஐயமில்லை.